1969 கமாரோவைச் சரிசெய்து ஓட்டுவது: எஞ்சினைப் பிறகு பார்க்கலாம், முதலில் தகரம்

எஞ்சின் சத்தத்தில் மயங்கித்தான் பெரும்பாலானவர்கள் மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்கக் கார் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான். பானட்டைத் திறந்தால் குரோம் மூடி போட்ட 350 கன அங்குல வி8, சாவியைத் திருப்பியதும் கராஜ் சுவரே அதிர்கிற உறுமல். அதற்கப்புறம் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கத் தோன்றவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டுநர் பக்கக் கம்பளத்தைத் தூக்கினேன், கீழே கராஜின் சிமெண்ட் தரை தெரிந்தது. இந்தக் கார்களில் எஞ்சின் வேலை சுலபம், தகர வேலைதான் ஆளைச் சாய்க்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கீழே எழுதுவதெல்லாம் அந்தப் பாடத்திலிருந்து வந்ததுதான்.

உதாரணத்துக்கு 1969 செவர்லே கமாரோவை எடுத்துக்கொள்கிறேன். ஃபோர்டு மஸ்டாங்குக்குப் பதிலடியாக 1966 செப்டம்பரில் செவர்லே இறக்கிய கார் இது. முதல் தலைமுறை 1967 முதல் 1969 வரை மூன்றே மாடல் ஆண்டுகள். 69 மாடல் மட்டும் 243,085 கார்கள். அடுத்த தலைமுறை 1970 பிப்ரவரி வரை தள்ளிப்போனதால் 69-ஐ வழக்கத்தைவிட நீண்ட காலம் தயாரித்தார்கள். முதல்முறை இறங்குகிறவர்களுக்கு இதையே நான் சொல்வதற்குக் காரணம் அழகு இல்லை, உதிரி பாகம். கதவுக் கைப்பிடியிலிருந்து தரைத் தகரம் வரை எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது. டைனாகார்ன் என்ற நிறுவனம் 69 கமாரோவின் முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறது. அதிகம் விற்காத மாடலில் ஒரு பின்விளக்குக் கண்ணாடிக்காக வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

வாங்கும் முன்: காந்தமும் டார்ச்சும்

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். தகரம் இருக்கிற இடத்தில் காந்தம் பிடிக்கும், கனமாகப் பட்டி பூசிய இடத்தில் நழுவும். முன் ஃபெண்டரில் சக்கரத்துக்குப் பின்னால் கீழ்மூலை, பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள குவார்ட்டர் பேனலின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, கதவின் அடி விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனல் என்று வரிசையாகத் தடவிக்கொண்டே போங்கள். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

அப்புறம் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்குங்கள். பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு அழுகியிருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி டிக்கித் தரையையும், இரண்டு பக்கமும் தொங்கும் தகரத்தையும் தின்றிருக்கும். கூரையில் வினைல் உறை போட்ட கார் என்றால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும், ஏனென்றால் உறைக்குள் புகுந்த ஈரம் வெளியே வருவதில்லை.

எல்லாவற்றையும்விட மோசமான இடம் கவுல். முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே காற்று போக ஒரு சல்லடை இருக்கிறதே, அதற்கு அடியில் உள்ள பெட்டி. ஐம்பது வருடத்துக்கு மேலான இலைச் சருகு அதற்குள் மட்கி ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். சல்லடை வழியாக ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். காலடியில் சொட்டினால் பேரம் பேசும் தொகை மாற வேண்டும், அல்லது அடுத்த காரைப் பார்க்கப் போக வேண்டும். அதைச் சரிசெய்ய பற்றவைத்த புள்ளிகளைத் துளைத்து கவுலின் மேல்தகரத்தையே பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

கமாரோவின் பின்பாதி யூனிபாடி, அதாவது தனிச் சட்டம் இல்லாமல் பாடியே பாரம் தாங்கும். முன்பாதியில் எஞ்சினைத் தாங்க சப்ஃபிரேம் என்ற தனி இரும்புச் சட்டம். அந்த சப்ஃபிரேமை ரப்பர் புஷ் வைத்து போல்ட்டால் பாடியோடு பிணைத்திருக்கிறார்கள். அந்த போல்ட் இறங்கும் இடங்களிலும், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்களிலும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கை அழுத்தத்துக்கே உள்ளே போனால் அது தகரம் இல்லை, துருப்பொடி.

ஒஹாயோ, மிச்சிகன் பக்கம் குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடுகிறார்கள், அந்த உப்பு அடியிலிருந்து அரிக்கும். அரிசோனா, கலிஃபோர்னியாவின் வறண்ட பகுதிகளிலிருந்து வரும் காரில் வெயிலில் டாஷ்போர்டு வெடித்து சீட் கிழிந்திருக்கும், ஆனால் தகரம் உறுதியாக இருக்கும். சீட்டையும் டாஷ்போர்டையும் பெட்டியில் வாங்கிவிடலாம். லாரியில் ஏற்றிவர ஆகும் செலவோடு சேர்த்துப் பார்த்தாலும் பாலைவனக் கார்தான் லாபம்.

எண்களைப் படிப்பது

கமாரோவின் வேகமான, விலை கூடிய பதிப்புகள் எஸ்எஸ், இசட்28. போலி எஸ்எஸ்களும் போலி இசட்28களும் நிறையச் சுற்றுகின்றன. 69 கமாரோவின் அடையாள எண்ணில் 13 எழுத்துகள். 124379என் என்று தொடங்கினால்: 1 செவர்லே, 24 என்றால் வி8 கமாரோ (23 என்றால் ஆறு சிலிண்டர்), 37 கூரை வைத்த கூப்பே (67 என்றால் திறந்த கூரை), 9 என்பது 1969, என் என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, எல் என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். இதில் எஸ்எஸ் என்றோ இசட்28 என்றோ எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் ஏமாற்றுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது, நான்கு பேட்ஜ் வாங்கி ஒட்டினால் போதும்.

எண் தகடு டாஷ்போர்டின் ஓட்டுநர் பக்க மூலையில், வெளியிலிருந்தே தெரியும்படி இருக்கும். 1967 மாடலில் மட்டும் கதவுக் கீல் தூணில். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில், பாடி கட்டிய ஃபிஷர் பாடி நிறுவனத்தின் சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதில் 03பி என்றிருந்தால் மார்ச் இரண்டாவது வாரம் பாடி கட்டியது என்று பொருள். பெயிண்ட் எண் 72 என்றால் ஹக்கர் ஆரஞ்சு. நார்வுட் ஆலையின் தகட்டில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருந்தால் அது இசட்28. வான் நைஸ் தகட்டில் இந்தக் குறி வராது, அங்கே பழைய ரசீதுகளைத்தான் நம்ப வேண்டும்.

எஞ்சினின் எண், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் உள்ள சிறிய சமதளத்தில் குத்தியிருக்கும். அது அந்தக் காரின் எண்ணோடு பொருந்தினால் விலை எகிறும். அந்தச் சமதளத்தில் ஆலை இயந்திரம் விட்ட மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் யாரோ இழைத்துவிட்டு மறுபடி குத்தியிருக்கலாம்.

பிரிக்கும் முன்

முதல் சனிக்கிழமையே எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிவிடாதீர்கள். கைவிடப்பட்ட திட்டம் என்று விற்பனைக்கு வரும் கார்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் பெட்டி பெட்டியாகத்தான் வரும். பிரிப்பதற்கு இரண்டு வாரம் போதும், சேர்ப்பதற்குள் பிள்ளை கல்லூரி முடித்துவிடுகிறது.

செவர்லேயின் அசெம்பிளி மேனுவலின் மறுபதிப்பை முதலில் வாங்குங்கள். ஆலையில் எந்த போல்ட் எங்கே போனது என்று படத்தோடு இருக்கும். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் நாலு கோணத்தில் படம் எடுங்கள். நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு இடத்தின் பெயரை எழுதுங்கள். அந்த எழுத்தை கிரீஸ் கையால் அழிக்க முடியாத பேனாவால் எழுதுங்கள், இது அனுபவம். புதிய பாகம் கையில் வந்து மாட்டிப் பார்க்கும்வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். மறுதயாரிப்புப் பாகங்களில் துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருப்பது சகஜம், பழையதுதான் அளவுகோல்.

பாதுகாப்பைப் பற்றி மூன்று விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச்சிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ஈரத்தில் கழுவ வேண்டும். முன்பக்கக் காயில் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்பிரஸர் போடாமல் கீழ்க்கையின் பால் ஜாயிண்ட்டைத் தட்டினால் அது குண்டு மாதிரி வெளியே வரும்.

டிங்கரிங்: இங்கேதான் வருடம் போகும்

கார் இன்னும் நான்கு சக்கரத்தில், கதவு மாட்டிய நிலையில் இருக்கும்போதே கதவு இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் சீராக இருந்தால் நல்லது. ராக்கரையும் தரையையும் வெட்டும் முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். இல்லையென்றால் தரையை வெட்டியதும் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு மூடாது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் அளப்பதற்கு எதுவுமே மிஞ்சாது.

பெயிண்ட் உரிப்பதில் ஒரு எச்சரிக்கை. மணல் வீச்சு, சப்ஃபிரேம் மாதிரி கனமான இரும்புக்குச் சரி. பானட், கூரை, கதவு போன்ற பரந்த தகரத்தில் அதைக் காட்டினால் சூட்டிலும் அடியிலும் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அவற்றுக்கு ரசாயனம், அல்லது பிளாஸ்டிக் துகள் வீச்சு, அல்லது பொறுமையாக உப்புத்தாள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

ஆலையில் போட்ட ஸ்பாட் வெல்டுகளை அதற்கென்றே உள்ள கட்டரால் துளைத்து எடுத்தால் அடித்தகரம் தப்பிக்கும். துரு போன பகுதியை மட்டும் வெட்டாமல், நல்ல தகரம் வரும்வரை ஒரு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். புதுத் தகரத்தை ஸ்குரூவால் தற்காலிகமாக மாட்டி, கதவையும் டிக்கி மூடியையும் போட்டுப் பார்த்து, இடைவெளி சரி என்றான பிறகே மிக் வெல்டிங்கை எடுங்கள். ஒரே கோடாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு புள்ளி, ஒரு அடி தள்ளி இன்னொரு புள்ளி, சூடு ஆறியதும் நடுவில் ஒன்று. குவார்ட்டர் பேனல் ஒன்றைச் சுற்றிப் பற்றவைக்க எனக்கு இரண்டு வார இறுதி போனது. அவசரப்பட்ட முதல் பேனல் அலை அலையாக நெளிந்து, அதைத் தட்டிச் சரிசெய்ய இன்னும் மூன்று வார இறுதி போனது.

தகரம் மேல் தகரம் வைத்து ஒட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஈரம் தங்கி மூன்று நான்கு குளிர்காலத்தில் மறுபடியும் குமிழ் வரும். வேண்டாம்.

சப்ஃபிரேமைத் திரும்ப மாட்டும்போது அதிலும் பாடியிலும் உள்ள சீரமைப்புத் துளைகள் நேர்கோட்டில் வர வேண்டும், ஒரு உருளைக் கம்பியைச் செருகிப் பார்த்துத்தான் போல்ட்டை முறுக்க வேண்டும். புஷ்களைப் புதிதாகப் போடுங்கள். இது கொஞ்சம் விலகினாலும் முன் ஃபெண்டரும் கதவும் ஒருநாளும் சேராது, நீங்கள் கீலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பெயிண்ட்

வெறும் தகரத்தின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர், அதற்கு மேல்தான் பட்டி. பட்டி ஈரத்தை உறிஞ்சும், வெறும் தகரத்தில் நேராகப் பூசினால் துரு உள்ளிருந்தே தொடங்கும். மெல்லிசாகப் பூசி, 80-ஆம் எண் உப்புத்தாளை நீளமான கட்டையில் சுற்றிக் குறுக்காகத் தேயுங்கள், அப்புறம் 180, 320. மேலே கறுப்புத் தூளைத் தூவிக்கொண்டு தேய்த்தால் பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத நெளிவெல்லாம் அப்போது காட்டிக்கொடுக்கும்.

1969-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லாக்கர். இன்றைக்குப் பெரும்பாலும் பேஸ்கோட், மேலே கிளியர்கோட். இரண்டு பாகமாகக் கலக்கும் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண முகமூடி அதற்குப் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். உண்மையைச் சொன்னால், தயாரிப்பு வேலையை எல்லாம் நானே செய்துவிட்டுக் கடைசிப் பூச்சை மட்டும் ஒரு கடைக்குக் கொடுத்தேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

எஞ்சின்

செவர்லே ஸ்மால் பிளாக் மாதிரி பாகமும் ஆளும் கிடைக்கிற எஞ்சின் வேறு இல்லை. 350 என்றால் 4 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), 3.48 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 5.7 லிட்டர். இசட்28-இல் வந்த 302 அதே போரில் 3 அங்குல ஸ்ட்ரோக். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் நிற்பதற்காகச் செய்தது.

பிரிக்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்து, ஆயில் அழுத்தம் நன்றாக இருந்தால் சீல், கேஸ்கெட், டைமிங் செயினோடு நிறுத்திக்கொள்ளலாம். செயினை மட்டும் விடாதீர்கள். அந்தக் காலத்தில் கேமின் (வால்வுகளைத் திறக்கும் தண்டின்) பல்சக்கரத்தில் நைலான் பல் வைத்திருந்தார்கள், அது உடைந்து துண்டுகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும்.

முழுதாகப் பிரித்தால் மெஷின் ஷாப்புக்குப் போக வேண்டும். 0.030 அங்குலம் போர் செய்தால் 355 கன அங்குலமாகும். பிளாக்கின் மேல்தளத்தை இழைக்கக் கொடுக்கும்போது, எண் குத்திய சமதளத்தைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் போதாது. எனக்குத் தெரிந்த ஒருவரின் அசல் எண் அப்படித்தான் ஒரு மதியத்தில் மறைந்துபோனது. ஹெட் கழன்றிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் போட்டுவிடுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது, ஈயம்தான் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது.

சேர்க்கும்போது ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில், மூன்று சுற்றாக 65 அடி-பவுண்டு வரை முறுக்குங்கள். இந்த போல்ட்டுகள் தண்ணீர் ஓடும் பகுதிக்குள் இறங்குகின்றன, சீலண்ட் தடவாவிட்டால் கூலண்ட் கசியும். பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கம் ஒற்றை எண்கள், பயணி பக்கம் இரட்டை. வயர் மாற்றி மாட்டிவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள்.

புது கேம் போட்டிருந்தால் முதல் ஸ்டார்ட்தான் எல்லாம். கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் பழைய பாணி தட்டை டேப்பெட், கேமோடு உரசியே ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில் வைத்து ஆயில் பம்பைச் சுழற்றி, மேலே வால்வு ராக்கர் வரை ஆயில் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். கேமில் பசையைத் தடவுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் உடனே 2,000 முதல் 2,500 சுற்றுக்கு ஏற்றி 20 நிமிடம் வைத்திருங்கள். அதற்காகவே பெட்ரோல், டைமிங், கூலண்ட் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாமல் வெறுமனே சுழற்றிக்கொண்டே இருந்தால் தடவிய பசை போய் கேம் தேய்ந்துவிடும்.

பிரேக், வயரிங், சஸ்பென்ஷன்

69-இல் அடிப்படை மாடலுக்கு நான்கு பக்கமும் டிரம் பிரேக். ஒருமுறை நன்றாக நிறுத்தும், மலைப்பாதையில் இரண்டாவது முறை யோசிக்கும். முன்பக்க டிஸ்க் அப்போதே விருப்பத் தேர்வாக இருந்ததால் மாற்றுவது காரின் இயல்பைக் கெடுக்காது. மாற்றினால் அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டரும், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் புரொபோர்ஷனிங் வால்வும் சேர்ந்தே வர வேண்டும், இல்லையென்றால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழலும். இரும்புக் குழாய்களையும் ரப்பர் ஹோஸ்களையும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

வயரிங்கை ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற நினைக்காதீர்கள். முன்னாள் உரிமையாளர்கள் ஆளுக்கொரு ரேடியோ வைத்து ஆளுக்கொரு வயரை வெட்டியிருப்பார்கள். முழு ஹார்னஸ் புதிதாகக் கிடைக்கிறது. ஒரு நுணுக்கம்: சிறு தொடுமுனைகள் திறந்து மூடித் தீப்பொறி உண்டாக்கும் பழைய பாயிண்ட் இக்னிஷனுக்காக, காயிலுக்குப் போகும் வயரே மின்தடை வயராக வைத்திருக்கிறார்கள். எச்இஐ மாதிரி எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறும்போது அதே வயரைப் பயன்படுத்தினால் 12 வோல்ட் முழுதாக வராது, வேகத்தில் மிஸ் அடிக்கும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைப் பெயிண்ட் சுரண்டி மாட்டுங்கள். புதுப் பெயிண்ட் அடித்த காரில் வரும் மர்மமான மின்கோளாறு பெரும்பாலும் இதுதான்.

பால் ஜாயிண்ட், டை ராட் முனை, புஷ், ஷாக் எல்லாம் ஒரே செட்டாக வாங்கிப் போடுங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 1408 என்றால் 2008-ஆம் ஆண்டின் 14-வது வாரம். பட்டன் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்த வயதில் அது ரப்பர் இல்லை.

ஓட்டத் தொடங்கிய பிறகு

முதல் 500 மைல் வரை வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் அடியில் அட்டை போட்டு வையுங்கள், எங்கே சொட்டுகிறது என்று அட்டையே சொல்லும். சக்கர நட்டுகளையும் எக்ஸாஸ்ட் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள். ஆயிலை மாற்றி ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று தெரியும்.

இன்றைய ஆயில்களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் குறைவு, ஏனென்றால் அவை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். உங்கள் காரில் கன்வெர்ட்டரே கிடையாது, ஆனால் தட்டை டேப்பெட் கேமுக்கு அந்தத் துத்தநாகம் தேவை. பழைய கார்களுக்கென்றே விற்கும் ஆயிலை வாங்குங்கள். ஃபில்டரோடு சேர்த்து 5 குவார்ட். 3,000 மைலுக்கு ஒருமுறை, ஓட்டவே இல்லையென்றாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அப்போதே கிரீஸ் கன்னை எடுத்து முன்பக்க நிப்பிள்களில் அடித்துவிடுங்கள். இன்றைய கார் ஓட்டுகிறவர்களுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

பாயிண்ட் இக்னிஷனையே வைத்திருப்பவர்கள் டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரி, பிளக் இடைவெளி 0.035 அங்குலம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாயிண்ட் தேயத் தேய டைமிங் பின்தங்கும், பின்தங்கினால் எஞ்சின் சூடேறும். ரேடியேட்டரைக் குற்றம் சொல்லும் முன் டைமிங் லைட்டை எடுங்கள். பிரேக் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், டாட் 3 காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 5 சிலிகான் ஈரத்தை இழுக்காது, ஆனால் அதை டாட் 3-ஓடு கலக்கவே கூடாது.

அமெரிக்க பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது ஊறவைத்து வெடிக்கவைக்கும், சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே அது நடந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுங்கள். கராஜில் ஒரு தீயணைப்பான், காருக்குள் ஒன்று.

குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது டாங்கை நிறைத்து, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போகும்படி பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஆயிலை நிறுத்தும் முன் மாற்ற வேண்டும், வசந்தத்தில் இல்லை, ஏனென்றால் பழைய ஆயிலில் உள்ள அமிலம் மாதக்கணக்கில் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்கு மெயின்டெய்னர் மாட்டுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் வாயிலும் கார்புரேட்டர் மேலும் இரும்பு நாரைச் செருகிவிட்டு, செருகியிருக்கிறேன் என்று ஸ்டியரிங்கில் சீட்டு ஒட்டுங்கள். எலிக்கு மசில் காரின் சீட் பஞ்சு அவ்வளவு பிடிக்கும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறவர்கள் நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். அது எஞ்சினுக்குள் தண்ணீரைச் சேர்க்கத்தான் உதவும், ஆயில் சூடாகி அந்த ஈரம் ஆவியாக அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும். பனியிலும் உப்பிலும் அதற்கு வழியில்லை என்றால் ஏப்ரல் மழை வந்து சாலையைக் கழுவும்வரை சாவியைத் தொடாமல் இருங்கள்.